வெஜெஃப் பார்த்தால் மூட்டுக்குள் நடப்பது தெரியுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி, 2 ஜூன்

"எனக்கு 4 வருஷமாக முடக்குவாதம். மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறேன். டொரோண்டோவில் இருக்கும் தம்பி எங்கேயோ வாசித்துவிட்டுச் சொல்கிறான், மூட்டுக்குள் புது இரத்தக்குழாய் முளைப்பதை இரத்தத்திலேயே காட்டும் டெஸ்ட் இருக்கிறதாம், பெயர் வெஜெஃப் (VEGF). அதைச் செய்தால் எலும்பு அரிக்கப் போகிறதா என்று முன்கூட்டியே தெரிந்துவிடுமாம். அழற்சியைப் பார்க்க எடுக்கிற ஈஎஸ்ஆர், சீஆர்பி டெஸ்ட் எல்லாம் பழைய காலத்துச் சாமான்களாம். கொழும்பில் எங்கே செய்யலாம்? எவ்வளவு முடியும்?"

2 ஜூன், இரவு 9.40

செய்யாதீர்கள் அக்கா. வீண் செலவு.

நான் 11 வருஷம் கொழும்பில் ஒரு தனியார் லேப்பில் வேலை செய்தவள். எனக்கும் இதே வருத்தம், 9 வருஷமாகிறது. முதலில் பிடித்தது வலது கைப் பெருவிரலை. பிப்பெட்டின் நுனியைத் தட்டிக் கழற்ற விரல் மறுத்த அன்றைக்குத்தான் இது சும்மா உளைவு இல்லை என்று விளங்கியது. ஆகவே இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

தம்பி சொன்னதில் முதல் பாதி உண்மை. மூட்டின் உள்பக்கம் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. நல்ல நிலையில் அதன் மேல்வரிசை ஒன்றிலிருந்து மூன்று கலத் தடிப்புத்தான். முடக்குவாதத்தில் அது தடித்துக் கொழுத்து, கிணற்றுக் கட்டில் பாசி ஏறுவதுபோல் கசியிழையத்தின் (குருத்தெலும்பின்) மேலே படர்ந்து, எலும்பின் ஓரத்தையும் தின்னத் தொடங்கும். இப்படிப் படருகிற சதைக்குச் சாப்பாடு வேண்டும், ஒட்சிசன் வேண்டும். இரத்தக்குழாய் இல்லாமல் அது வளரவே முடியாது. கலங்கள் கூடிப் போனதால் உள்ளே ஒட்சிசன் தட்டுப்பாடு வருகிறது. தட்டுப்பாட்டை உணர்கிற ஹிஃப் என்ற புரதம் விழித்துக்கொள்கிறது. அது வெஜெஃப் என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்கச் சொல்கிறது, வெஜெஃப் பக்கத்துக் குழாய்களிலிருந்து புதுக்கிளை விடச் சொல்கிறது. புதுக்கிளை வழியாக இன்னும் அழற்சிக் கலங்கள் வந்து இறங்க, தட்டுப்பாடு இன்னும் கூடுகிறது. வட்டிக்கு வாங்கிய கடனை அடைக்க இன்னொரு இடத்தில் வட்டிக்கு வாங்குவதுபோல்தான். (இந்த ஒட்சிசன் உணரும் விஷயத்தைக் கண்டுபிடித்ததற்காகக் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019ல் மருத்துவ நோபல் கிடைத்தது.)

எல்லாம் சரி. ஆனால் இது நடப்பது மூட்டுக்குள்ளே. நீங்கள் கொடுக்கப்போவது முழங்கை மடிப்பில் எடுத்த இரத்தம். அங்கேதான் இடிக்கிறது. நாளைக்கு எழுதுகிறேன், விரல் இதற்குமேல் விடாது.

2 ஜூன், இரவு 10.15

அத்தான் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "வெஜ் எஃப் என்றால் எந்தச் சைவக் கடை?" என்று கேட்கிறார். பதிவுக்காக எழுதி வைக்கிறேன்.

3 ஜூன், காலை

விட்ட இடத்திலிருந்து.

இரத்தம் எடுக்கும்போது கலர் கலராக மூடி போட்ட டியூப்களைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பு மூடி டியூபில் இரத்தம் உறையட்டும் என்று விடுவோம். உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்பது சீரம். ஊதா மூடியில் உறையாமல் தடுக்கும் இரசாயனம் இருக்கும், அதைச் சுழற்றினால் மேலே வருவது பிளாஸ்மா. பார்க்க இரண்டும் ஒரே மஞ்சள் தண்ணீர், கண்ணை மூடிக்கொண்டு கையில் தந்தால் எனக்கே வித்தியாசம் தெரியாது. சில சாதாரண டெஸ்ட்களுக்கு எதில் பார்த்தாலும் பெரிய பாதகமில்லை.

வெஜெஃப்புக்கு அது பொருந்தாது. இரத்தத்தில் ஓடுகிற வெஜெஃப்பில் பெரும்பங்கு குருதிச் சிறுதட்டுகளுக்குள், அதாவது பிளேட்லெட்டுக்குள், அடைபட்டுக் கிடக்கிறது. இரத்தம் உறையும்போது பிளேட்லெட்கள் வெடித்து உள்ளே இருப்பதையெல்லாம் கொட்டிவிடும். அதனால் ஒரே ஆளின் ஒரே நேரத்து இரத்தத்தில், சீரத்தில் பார்த்தால் பிளாஸ்மாவைவிடப் பல மடங்கு கூடக் காட்டும். டியூபை எவ்வளவு நேரம் மேசையில் விட்டார்கள், வேகமாகக் குலுக்கினார்களா, சுழற்ற எவ்வளவு பிந்தினார்கள், ஒவ்வொன்றும் எண்ணைத் தூக்கும் அல்லது இறக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் முடக்குவாதம் கொதித்துக் கிடக்கும்போது பிளேட்லெட் எண்ணிக்கையும் ஏறும். அப்போ சீரத்தில் வெஜெஃப் கூடினால், மூட்டில் குழாய் முளைக்கிறதென்று அர்த்தமா, பிளேட்லெட் கூடிவிட்டதென்று அர்த்தமா? பிளேட்லெட் தெரியத்தான் வேண்டுமென்றால் இரத்த அணுக்களை எண்ணுகிற சாதாரண எஃப்பிசி போதுமே. அதைத்தான் கிளினிக்கில் ஒவ்வொரு தடவையும் செய்கிறார்களே.

3 ஜூன், மதியம்

ஒரு திருத்தம். பிளேட்லெட் "வெடித்து" என்று எழுதியது பிழை. லேப்பில் நாங்கள் அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே குட்டிக் குட்டிப் பைகள் இருக்கின்றன, உறையும் சமிக்ஞை வந்ததும் அந்தப் பைகளைத் திறந்து வெளியே விடுகிறது. பழைய மாணவி ஒருத்தி தனியாக எழுதித் திருத்தினாள். நல்லா இரு பிள்ளை.

5 ஜூன், இரவு

வாசித்துவிட்டு இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. "வீண்" என்று ஒரே சொல்லில் முடித்தது என் அவசரம்.

முதலாவது, இதை ஆராய்ந்தவர்கள் முட்டாள்கள் இல்லை. அழற்சியை மூட்டிவிடுகிற டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்தைக் கொண்டுவந்த ஃபெல்ட்மன், மைனி இருவரும் இருந்த லண்டன் கென்னடி நிறுவனத்தில் இவா பாலியோலொக் குழு 1998ல் வெளியிட்ட வேலை ஒன்று உண்டு. அப்படித் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற மருந்தைக் கொடுத்த முடக்குவாத நோயாளிகளின் சீரத்தில் வெஜெஃப் இறங்கியது. அதாவது அழற்சியை அணைத்தால் குழாய் வளர்க்கும் சமிக்ஞையும் தணிகிறது. 2001ல் வந்த இன்னொன்றில், வருத்தம் தொடங்கிய புதிதில் யாருக்குச் சீரம் வெஜெஃப் கூட இருந்ததோ அவர்களுக்கு அடுத்த ஒரு வருஷத்தில் எக்ஸ்ரேயில் எலும்புச் சேதமும் கூட இருந்தது. தம்பி வாசித்தது இதைத் தொட்ட ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். பொய்யைச் சொல்லவில்லை.

இரண்டாவது, என்னை யோசிக்க வைத்தது. சீரம் எண்ணில் பிளேட்லெட் கலந்துவிடுகிறது என்று நான் குறை சொன்னேனே, பிளேட்லெட் ஏறுவதும் அதே நோயின் வேலைதானே, அப்படியானால் அந்தக் கலப்பும் நோயைத்தானே காட்டுகிறது என்று ஒருவர் கேட்டார். கேள்வி சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு நாள் மனதில் போட்டு உருட்டினேன்.

நான் வந்து சேர்ந்த இடம் இது. 100ஆம் இலக்க பஸ் பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குச் சராசரியாக எவ்வளவு நேரத்தில் வரும் என்று ஒரு மாதம் குறித்து வைத்தால் நல்ல கணக்கு ஒன்று வரும், அதில் பிழை சொல்ல ஏலாது. ஆனால் இன்றைக்கு மழையில் பம்பலப்பிட்டி ஹோல்டில் நிற்கிற எனக்கு என் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. நூறு நோயாளிகளை வரிசையில் வைத்தால் வெஜெஃப் கூடியவர்களும் சேதம் கூடியவர்களும் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். ஆனால் நிறையப் பேர் நடுவில் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கிடப்பார்கள். அக்காவின் எண்ணைப் பார்த்து உங்கள் மணிக்கட்டு எலும்பைப் பற்றி ஒரு டொக்டர் என்ன முடிவெடுப்பார்? மருந்தைக் கூட்டுவதற்கோ குறைப்பதற்கோ அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கோடு ஒன்றும் போட்டு வைக்கப்படவில்லை.

அமெரிக்காவில் வெக்ட்ரா என்று ஒரு டெஸ்ட் இருக்கிறது. அதில் 12 புரதங்களைச் சேர்த்துப் பார்த்து 1 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள், 44க்கு மேலே போனால் நோய் தீவிரம். அந்தப் பன்னிரண்டில் வெஜெஃப்பும் ஒன்று. சீஆர்பியும் ஒன்று! "பழைய காலத்துச் சாமான்" என்று தம்பி சொன்னது புதுச்சாமானுக்குள்ளேயும் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, வெஜெஃப் சங்கதி வீண் இல்லை. அதைத் தனியே ஒரு தடவை ஒரு டியூபில் பார்ப்பதுதான் வீண். அங்கே மட்டும் நான் இன்னும் பிடிவாதம்.

7 ஜூன், அதிகாலை

நித்திரை வரவில்லை, இடது மணிக்கட்டு. சரி, அதைப் பற்றியே எழுதலாம்.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ரிப்போர்ட் எல்லாம் பூப்போல இருந்தது. சீஆர்பி 4. ஈஎஸ்ஆர் 18. ஆனால் காலையில் இடியப்பம் பிழிய ஏலாது. உரலை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் மணிக்கட்டுக்குள் மணல் அரைபடுவதுபோல் இருக்கும். எழும்பி ஒன்றரை மணித்தியாலம் போனால்தான் விரல் மடங்கும். தேங்காய் திருவுவதை அம்மா எடுத்துக்கொண்டா, 74 வயதில். ரிப்போர்ட் நல்லாயிருக்கிறது என்று ஆட்கள் சொல்லச் சொல்ல எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது, சும்மா சோம்பலுக்குச் சாட்டுச் சொல்கிறேனோ என்று.

அந்தக் கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, மணிக்கட்டில் ஸ்கேன் பார்ப்போம் என்றார். அல்ட்ராசவுண்டுதான், ஆனால் பவர் டொப்ளர் என்று ஒரு முறை. சவ்வுக்குள் இரத்தம் ஓடுகிற இடம் திரையில் சிவப்பாகத் தெரியும். நல்ல மூட்டில் அனேகமாக ஒன்றும் தெரியாது, சாம்பல் நிறம்தான். ஜெல்லை இட்லி மாவு மாதிரிக் குவித்து ஊற்றிவிட்டு, கருவியைத் தோலில் பட்டும் படாமலும் வைத்தார். ஏன் இவ்வளவு பயந்து பயந்து பிடிக்கிறார் என்று நினைத்தேன். பிறகு சொன்னார், அழுத்தினால் அந்த நுண்குழாய்கள் நசுங்கி ஓட்டம் நின்றுவிடும், நோய் இல்லாததுபோல் காட்டும் என்று. சொல்லிவிட்டு வேண்டுமென்றே ஒரு தடவை அழுத்திக் காட்டினார். திரையில் சிவப்பு அணைந்தது. விட்டார், திரும்பவும் அடுப்புத் தணல்போல் மினுங்கி மினுங்கி வந்தது.

இரத்தத்தில் தேடிக்கொண்டிருந்த அந்தப் புதுக்குழாய்கள், என் தோலுக்குக் கீழே அரை விரல் ஆழத்தில், என் நாடித் துடிப்போடு துடித்துக்கொண்டு. நான் அழுதுவிட்டேன் என்று சொல்வதில் வெட்கமில்லை. வலி பொய்யில்லை என்று ஒரு பெட்டி சாட்சி சொன்னதே, அதற்காக.

அதற்குப் பிறகு மருந்து மாறியது. இடியப்பம் இப்போது பிழிகிறேன், கொஞ்ச மாவென்றால்.

7 ஜூன், காலை 8

மேலே 'அரை விரல் ஆழம்' என்று எழுதியிருக்கிறேன், அது அதிகாலைக் கணக்கு. மணிக்கட்டில் அவ்வளவு சதை எங்கே இருக்கிறது? சில மில்லிமீற்றர்தான்.

8 ஜூன்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி கேட்கிறார், அம்மாவுக்கு டோசிலிசுமாப் என்ற மருந்து ஏற்றுகிறார்கள், சீஆர்பி ஒன்றுமே இல்லாமல் இறங்கிவிட்டது, வருத்தம் போய்விட்டது என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல ஏலாது தம்பி. சீஆர்பியை ஈரல் செய்வதே ஐஎல்-6 என்ற சமிக்ஞை வந்து சொல்வதால். அந்த மருந்தின் வேலை அதே ஐஎல்-6ஐ அடைப்பது. மணி அடிக்கிறவனின் கையைக் கட்டிப்போட்டால் மணிச்சத்தம் வராதுதான், அதற்காகக் கோயிலில் பூசை நடக்கவில்லை என்றாகுமா. அந்த மருந்தில் இருப்பவர்களுக்கு மூட்டைத் தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல், கிருமித் தொற்று வந்தாலும் சீஆர்பி ஏறாமல் ஏமாற்றலாம். அம்மாவுக்குக் காய்ச்சல் குணம் கண்டால் "சீஆர்பி நோர்மல்" என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

10 ஜூன், பொசன் போயா

லீவு. இலவசமாகச் சாப்பாடு கொடுக்கிற தன்சல் வரிசையில் அரை மணித்தியாலம் நின்று மரவள்ளிக் கிழங்கு வாங்கினோம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், என் பாதத்துக்குத் திண்டாட்டம். பாதம் என்றதும் ஒன்று. டிஏஎஸ்-28 என்று கிளினிக்கில் வருத்தத்தின் கடுமைக்கு மதிப்பெண் போடுகிறார்களே, அதில் எண்ணுகிற 28 மூட்டுகளில் பாதம் இல்லை. கணுக்காலும் இல்லை. 2.6க்குக் கீழே வந்துவிட்டால் வருத்தம் அடங்கியது என்ற கணக்கு. என் வருத்தம் பாதிக்கு மேல் பாதத்தில்! கேட்காவிட்டாலும் செருப்பைக் கழற்றிக் காட்டிவிடுவேன்.

அப்பா கதை சொல்ல வந்தேன். அப்பாவுக்கு 30 வருஷச் சீனி வருத்தம், கண்ணின் விழித்திரை வீங்கி, அதற்குக் கண்ணுக்குள்ளேயே ஊசி போடுகிறார்கள். முதல் தடவை அந்த மருந்தின் பெயரை வாசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது, பெவாசிசுமாப். வெஜெஃப்பைத் தடுக்கிற மருந்து. 2004ல் அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கென்று அனுமதி பெற்றது, பிறகு கண் டொக்டர்மார் துளித்துளியாகப் பிரித்துக் கண்ணுக்குப் போடத் தொடங்கினார்கள். மகளின் மணிக்கட்டில் கிளை விடுகிற அதே சாமான் அப்பாவின் கண்ணில் கசிய விடுகிறது. "கசிய விடுகிறது" என்பதை யோசித்துத்தான் எழுதினேன், ஏனென்றால் இதை முதன்முதலில் 1983ல் ஹரல்ட் டுவோரக் குழு கண்டது குழாய் வளர்க்கும் பொருளாக இல்லை, குழாயைக் கசிய வைக்கும் பொருளாகத்தான். 1989ல் நெப்போலியோனே ஃபெராரா ஆட்கள் வளர்ச்சிக் காரணி என்று பிரித்தெடுத்தார்கள். பிறகு பார்த்தால் இரண்டும் ஒரே ஆள். மூட்டு வளர்வதற்கு முன்னால் ஏன் தண்ணி கோர்த்து வீங்குகிறது என்பதற்கும் இதில் ஒரு பங்கு பதில் இருக்கிறது.

அப்பா என்னைக் கேட்டார், "அப்ப என் ஊசியில் மிச்சத்தை உன் கைக்குப் போடச் சொல்லட்டா?" சீரியஸாகத்தான் கேட்டார். நானும் ஒரு காலத்தில் அதையேதான் யோசித்தேன். முடக்குவாதத்துக்கு அது அனுமதிக்கப்பட்ட மருந்து இல்லை. உடம்பு முழுக்க ஓடவிட்டால் பிரஷர் ஏறும், காயம் ஆறாது, இரத்தக் கசிவு வரலாம். புண் ஆறுவதற்கும் இதே வெஜெஃப்தான் வேண்டும். டிஎன்எஃப் தடுக்கும் மருந்து அழற்சியை அணைக்கிறபோதே இதையும் சேர்த்துத் தணிக்கிறதென்றால் தனியாக எதற்கு அடிக்க வேண்டும்.

11 ஜூன்

நேற்று எழுதியதில் "மூட்டு வளர்வதற்கு முன்னால்" என்றிருக்கிறது. சவ்வு என்று வாசியுங்கள். மூட்டு வளராது. வளர்ந்தால் நல்லாயிருக்கும்.

14 ஜூன், இரவு

வெஜெஃப் மட்டும்தானா என்று ஒருவர். இல்லை, ஒரு கூட்டமே இருக்கிறது. எனக்குப் பிடித்தது அஞ்சியோபொயட்டின் என்ற புரதச் சோடி. முதலாவது குழாய்ச் சுவரை இறுக்கிக் கட்டி வைக்கும், இரண்டாவது கட்டைத் தளர்த்தும். தளர்ந்த இடத்தில் வெஜெஃப் வந்தால் புதுக்கிளை, வராவிட்டால் அந்தக் குழாய் வாடிப்போகும். இரண்டும் போய் ஒட்டுகிற டை-2 என்ற வாங்கிப் புரதத்தின் ஒரு துண்டு அறுந்து இரத்தத்தில் மிதப்பதையும் அளக்கிறார்கள். முடக்குவாதக்காரரின் இரத்தத்தில் இவை கூடி நிற்பதாகவும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மேலே பஸ் கதையில் சொன்னதுதான் இவற்றுக்கும்.

வெஜெஃப்பை இரத்தத்தில் பார்த்து நிஜமாகவே நோயைப் பிடிக்கிற ஒரு இடம் இருக்கிறது, அதையும் சொல்லாவிட்டால் அநியாயம். போயெம்ஸ் என்று ஒரு அபூர்வ வருத்தம், எலும்பு மச்சையில் பிளாஸ்மாக் கலங்கள் என்ற ஒருவகை வெள்ளையணுக்கள் கெட்டுப்போவது, நரம்பும் பழுதாகும். அதைக் கண்டுபிடிக்கும் முக்கிய அடையாளங்களில் ஒன்று வெஜெஃப். அங்கே அது கொஞ்சநஞ்சமாக ஏறாது, மலைபோல் ஏறும்.

இனி என் பழைய கோபம் ஒன்று. வெஜெஃப் போன்ற பெரிய டெஸ்டை விடுங்கள், ஈஎஸ்ஆரே எப்படிப் பிழைக்கும் என்று. நான் வேலையை விட்ட பிறகு வீட்டுக்குக் கிட்ட ஒரு லேப்பில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். 72 என்று வந்தது. எனக்கோ அந்தக் கிழமை கை கால் எல்லாம் இலகு. போய் எட்டிப் பார்த்தேன் (பழைய தொழில்காரி என்றபடியால் உள்ளே விட்டார்கள்). ஈஎஸ்ஆர் ஸ்டாண்ட் ஒரு பக்கம் கால் உடைந்து, கீழே மடித்த கடதாசி வைத்திருக்கிறது. டியூப் சரிந்து நிற்கிறது. பக்கத்தில் குளிர்சாதனப் பெட்டி, அது ஓடும்போது மேசையே நடுங்குகிறது. டியூப் நேர்குத்தாக நிற்க வேண்டும். 3 பாகை சரிந்தாலே 30 சதவீதம் வரை கூடக் காட்டலாம் என்று படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தது. சரிவில் சிவப்பணுக்கள் ஒரு ஓரமாக வழுக்கிக்கொண்டு இறங்கும், அவ்வளவுதான் சங்கதி. அடுத்த நாள் வேறு இடத்தில் கொடுத்தேன், 31. அந்த 72ஐக் கொண்டுபோயிருந்தால் எனக்கு ஸ்டீரொய்டைக் கூட்டியிருப்பார்கள்.

ஒரு மணித்தியாலம் சும்மா நிற்க வைத்துப் பார்க்கிற டெஸ்டுக்கே இந்தக் கதி. வெஜெஃப் டியூபை வெயிலில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய், பெட்டியில் அடுக்கி, கடல் கடந்து அனுப்பி...

22 ஜூன்

அக்கா செய்துவிட்டா! சொன்னால் கேட்டால்தானே. தம்பி காசு அனுப்பினாராம், இரத்தத்தை இந்தியாவுக்கு அனுப்பி ரிப்போர்ட் வந்திருக்கிறது. "கூட இருக்கிறது, பயமாக இருக்கிறது, இப்போது என்ன செய்ய?" என்று கேட்கிறா. படத்தையும் அனுப்பினா.

முதலில் நான் பார்த்தது மாதிரி வகை என்ற கட்டத்தை. சீரம் என்று போட்டிருக்கிறது. பிறகு அதே கிழமை எடுத்த எஃப்பிசியைக் கேட்டு வாங்கினேன். பிளேட்லெட் 4 லட்சத்து 80 ஆயிரம். 4 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேலே போனாலே கூடத்தான். கொஞ்சம் இரத்தச்சோகையும் இருக்கிறது, அது ஈஎஸ்ஆரையும் ஏற்றும்.

சரி அக்கா, மூட்டு எப்படி என்று கேட்டேன். காலையில் இரண்டு மணித்தியாலம் கை மடங்காதாம், இரண்டு முழங்காலும் வீக்கமாம். எத்தனை நாளாக? ஆறு கிழமையாக. ஆறு கிழமைக்கு முன் என்ன நடந்தது? அப்போதுதான் சொல்கிறா, மெத்தோட்ரெக்சேட் குடித்த அடுத்த நாள் சத்தி, தலைச்சுற்று, அதனால் "கொஞ்ச நாளைக்கு" நிறுத்திவிட்டாவாம். டொக்டருக்குச் சொல்லவில்லை, ஏசுவார் என்று பயம். தம்பிக்கும் சொல்லவில்லை.

நாங்கள் மூன்று கிழமையாக இங்கே ஹிஃப், டை-2, நோபல் பரிசு என்று அளந்துகொண்டிருக்கிறோம். வெஜெஃப் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்று வையுங்கள். அது சொன்னதை அக்காவின் முழங்கால் ஆறு கிழமைக்கு முன்பே இலவசமாகச் சொல்லியிருக்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை, நானும் இதைச் செய்தவள்தான். இரண்டாம் வருஷம், சரியாக இதே காரணத்துக்கு. அதற்கு வழி இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஃபோலிக் அமிலத்தை ஒழுங்காக எடுப்பது, இரவில் சாப்பாட்டோடு எடுப்பது, அளவைப் பிரிப்பது, ஊசியாக மாற்றுவது என்று டொக்டரிடம் நாலு வழி இருக்கும். நீங்களாக எதையும் மாற்ற வேண்டாம். மறந்ததை ஈடுகட்ட என்று கூடப் போட்டுக்கொள்ளவும் வேண்டாம். இது கிழமைக்கு ஒரே ஒரு நாள் எடுக்கும் மருந்து. நாளாந்தம் குடித்து எலும்பு மச்சை பழுதாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் இரத்தத்தை நானே எண்ணியிருக்கிறேன், வெள்ளையணு தேடித் தேடிப் பார்க்க வேண்டும். என் வீட்டுக் கலண்டரில் வெள்ளிக்கிழமைகளில் சிவப்புப் பேனாவால் வட்டம் இருக்கும், அத்தான் போடுவார்.

22 ஜூன், இரவு

ஒருவர் கேட்டார், "அப்படியானால் டெஸ்ட் செய்ததால்தானே உண்மை வெளியே வந்தது?" ம். அதுவும் சரிதான். அந்தக் காசுக்கு வந்த பலன் அது.

2 ஜூலை

அக்கா கிளினிக் போய்வந்தா. டொக்டர் ஏசவில்லையாம், சிரித்தாராம். மெத்தோட்ரெக்சேட் ஊசியாக மாறியிருக்கிறது. வெஜெஃப் ரிப்போர்ட்டை நீட்டினபோது வடிவாக வாசித்துவிட்டுக் கோப்பில் போட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. வியாழக்கிழமை மணிக்கட்டிலும் முழங்காலிலும் டொப்ளர் ஸ்கேன்.

அக்கா கேட்டது: ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு போக வேண்டுமா, வளையலைக் கழற்ற வேண்டுமா?

சாப்பிட்டுவிட்டே போங்கள். வளையலைக் கழற்றத்தான் வேண்டும், கருவி மணிக்கட்டில் வழுக்கிப் போக இடம் வேண்டும். வியாழன் காலையில் கழற்றலாம் என்று மட்டும் விட்டுவைக்காதீர்கள், காலையில் முட்டி வீங்கி நிற்கும், இறங்காது, எனக்கு அம்மாவும் அத்தானும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து நடந்த கூத்து அது. புதன்கிழமை பின்னேரம், கை இலகுவாக இருக்கும் நேரம் பார்த்து, சவர்க்காரத் தண்ணியில் ஊறவிட்டு ஒவ்வொன்றாக.